மேடை வாசல்: கேள்வி பதில்

கேள்வி: சின்ன வயதிலிருந்தே கோயில் விழா நாடகங்களில் நடிக்கிறேன், ஆன்ட்டி. இப்போது இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஓர் இசை நாடகத்துக்கு ஓப்பன் ஆடிஷன், யார் வேண்டுமானாலும் போய் நடித்துக் காட்டலாம். 2 நிமிட மோனோலாக் (ஒருவரே பேசும் வசனம்), 16 பார் (தாளக் கட்டம்) அளவுக்குப் பாட்டு, எல்லாம் ஆங்கிலத்தில். என் பேச்சில் சாட்ஸ்வொர்த் வாடை, அதாவது டர்பனில் நம் இந்தியர்கள் வாழும் எங்கள் பகுதியின் உச்சரிப்பு, அடிக்கும். தைரியமாகப் போகலாமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: போ கண்ணு, அந்த வாடையோடு போ. தேர்வாளராக மேசைக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். லண்டன் உச்சரிப்பை இரவல் வாங்கி வரும் பிள்ளைகளுக்கு மூன்றாவது வரியிலேயே அது கழன்றுவிடும். வேறு உச்சரிப்பு வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள்.

மோனோலாக்கை ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துக்கொள். உன் வயதை ஒட்டிய பாத்திரமாக இருக்கட்டும். பழைய கதையை நினைத்து அழும் பேச்சு வேண்டாம். எதிராளியிடம் ஏதோ ஒன்றைக் கேட்டுப் போராடும் பேச்சாக எடு. அந்த எதிராளியைத் தேர்வாளர்களின் தலைக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள். அவர்கள் முகத்தையே பார்த்துப் பேசினால் பாவம், குறிப்பு எழுத முடியாமல் நெளிவார்கள்.

கோயில் நாடகத்தில் வாத்தியார் வசனத்தோடு கையசைவையும் சேர்த்தே சொல்லித் தருவார். மனப்பாடத்துக்கு நல்லது, ஆடிஷனில் அதுதான் காலை வாரிவிடும். நீ முடித்ததும் இயக்குநர், "அடுத்த அறையில் அப்பா தூங்குகிறார், அவர் எழுந்துவிடாமல் இதையே சொல்" என்பார். பலர் குரலை மட்டும் குறைத்து, பழைய கையசைவையே திரும்பக் காட்டுவார்கள். சொன்னதைக் காதில் வாங்கி மாற்றிச் செய்கிறாளா என்று பார்க்கத்தான் அப்படிச் சொல்வார். என்னைக் கேட்டால், பாதி வேடங்கள் அந்த இடத்தில்தான் முடிவாகின்றன. அதனால் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு ஒருமுறை, சிரித்துக்கொண்டு ஒருமுறை, கோபமாக ஒருமுறை சொல்லிப் பார். அம்மா முறைத்தால் முறைக்கட்டும்.

அப்புறம் பாட்டு. பஜனையில் நீ எந்தச் சுருதியில் எடுத்தாலும் ஹார்மோனியக்காரர் பின்னாலேயே வந்துவிடுவார். ஆடிஷனில் பியானோக்காரரோ உன் பாட்டின் இசைக் குறிப்புத் தாளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். உன் சுருதிக்கு எழுதிய இசைக் குறிப்பைக் கொண்டுபோ. எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று பென்சிலால் குறித்துக் கொடு. வேகத்தைச் சொல்ல இரண்டு வரி மெல்லப் பாடிக் காட்டு. அவர் முன்னால் விரலைச் சொடுக்கிவிடாதே, மரியாதை இல்லை! 16 பார் அரை நிமிடம்போல ஓடிவிடும். பாட்டின் தலையிலிருந்து ஆரம்பிக்காமல், உன் குரல் நன்றாகத் திறக்கும் இடத்தை எடு.

ஆடிஷன் பெரும்பாலும் ஒத்திகை அறையில்தான் நடக்கும். திருவிழாக் கூட்டத்துக்குக் கத்துவதுபோல அங்கே கத்த வேண்டாம். அதற்காக முணுமுணுக்கவும் கூடாது. டர்பன் பிளேஹவுஸ் நாடகக் கூடத்தின் ஆபரா அரங்கில் 1,000 இருக்கைக்கு மேல், அதுவரை உன் குரல் எட்டுமா என்றும் யோசிப்பார்கள். பாதியில் "தேங்க் யூ" என்று நிறுத்தினால் முகம் சுருங்காதே. போதுமானதைப் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். வெளியே நீளமான வரிசை காத்திருக்கிறது.

கேள்வி: ஆடிஷனுக்குக் கல்யாண ஆல்பத்துப் படம் போதுமா?
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: போதாது, தம்பி. மாலையும் ஜரிகையும்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால், தோளுக்கு மேல் ஒரு படம். ஃபில்டர் வேண்டாம், கதவைத் திறந்து வருகிறவரும் படத்தில் இருப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். படத்தின் பின்பக்கம் உங்கள் விவரத் தாளை ஸ்டேப்லர் போட்டுவிடுங்கள். கோயில் நாடகத்தில் போட்ட வேடங்களையும் வருடத்தோடு அதில் எழுதுங்கள், அதுவும் மேடை அனுபவம்தான்.