மனநல விடுப்பு முடிந்து மறுபடி வேலைக்கு: கேள்வி பதில்

மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

வங்கியில் கேஷ் கவுண்டர் வேலை. மூன்று மாத விடுப்பு முடிகிறது. டாக்டர் போகலாம் என்கிறார். வாசலை நினைத்தாலே கை நடுங்குகிறது. தைரியம் வரும்வரை விடுப்பை நீட்டலாமா மேடம்?

நீட்ட வேண்டாம் சார். வீட்டில் இருந்தால் தைரியம் வராது; நாளாக ஆக அந்த வாசல்தான் பெரிதாகும். ஒரு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். வேலை நாள் போலவே குளித்துக் கிளம்பி, அதே பஸ்ஸில் போய், எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். என்னிடம் வந்த ஒருவர் முதல் நாள் தன் நிறுத்தத்தில் இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் டீக்கடைவரை போனார். ஐந்தாம் நாள் செக்யூரிட்டி, "எப்ப சார் வர்றீங்க?" என்று கேட்க, "திங்கட்கிழமை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை போனார். கை நடுங்கத்தான் செய்தது, ஆனாலும் வேலை நடந்தது.

அப்புறம், முதல் நாளே கேஷில் உட்காராதீர்கள். பணம் குறைந்தால் கையிலிருந்து கட்ட வேண்டுமே என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று வாரம் வேறு வேலை தரும்படி மேலாளரிடம் கேளுங்கள்.

நான் ஆசிரியை. ஸ்டாஃப் ரூமில் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது பரவாயில்லை." இது பொய்யே இல்லை டீச்சர். சொன்ன கையோடு, "ஒன்பதாம் வகுப்புக்குப் போர்ஷன் எதுவரை முடிந்தது?" என்று நீங்கள் கேட்டுவிடுங்கள். பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். வீட்டில் யாரிடமாவது நாலைந்து முறை சொல்லிப் பழகுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். அதை யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

ஸ்பின்னிங் மில்லில் வேலை, இஎஸ்ஐ உண்டு. லீவில் இருக்கும்போதே வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா? மாத்திரையால் காலையில் ஒரே தூக்கம் வேறு.

இஎஸ்ஐயில் நோய்க்காலப் பணம் வாங்கும் நாட்களில் உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது தம்பி, சட்டமே அப்படி. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மெஷினில் நிற்கிறவர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்; நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார். நைட் ஷிப்ட் வேண்டாம் என்று அவரிடமே கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் வேலைக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. நேற்று அழுதுகொண்டே வந்து, ராஜினாமா செய்யப்போகிறேன் என்கிறான்.

முதல் மாதத்தில் இப்படி நாட்கள் வரும் அம்மா. அழுத ராத்திரியில் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்றாலோ அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தினமும் "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று துருவாதீர்கள். டிபன் பாக்ஸை வாங்கித் திறந்து பாருங்கள். மதியம் சாப்பிட்டானா என்று தெரிந்துவிடும்.