கேள்வி–பதில்: மாடல் விமானச் சங்கத்தில் என்னதான் சண்டை?

கேள்வி: பத்து வருடமாக ரேடியோ கண்ட்ரோல் விமானம் பறக்கவிடுகிறேன். எங்கள் கிளப்பில் பாதிப் பேர் 'ஏஎம்ஏ நம்மை அரசாங்கத்திடம் அடகு வைத்துவிட்டது' என்கிறார்கள், மீதிப் பேர் 'அவர்கள் இல்லாவிட்டால் மைதானமே இருக்காது' என்கிறார்கள். இந்த வருடம் சந்தா கட்டவா, வேண்டாமா?
(வாசகர், டெக்சாஸ்)

கட்டுங்கள். கட்டிய கையோடு சங்கத்தில் உங்கள் மாவட்டத்துக்கான துணைத் தலைவருக்குக் காட்டமாக ஒரு கடிதமும் எழுதுங்கள்.

மற்ற வாசகர்களுக்காக முன்கதை. ஏஎம்ஏ என்பது அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ், 1936-ல் தொடங்கிய சங்கம், தலைமையகம் இண்டியானாவின் மன்சி ஊரில். 2012-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. நாடு தழுவிய ஒரு சங்கத்தின் பாதுகாப்பு விதிப்படி பறக்கவிடுகிறவர்கள் மேல் எஃப்ஏஏ (அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்துத் துறை) புது விதி எதுவும் சுமத்தக்கூடாது என்று அதன் 336-ஆம் பிரிவு சொன்னது. எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். 2018 அக்டோபரில் அதே காங்கிரஸ் அந்தப் பிரிவைத் தூக்கிவிட்டு 400 அடி உயர வரம்பு, அறிவுத் தேர்வு எல்லாவற்றையும் கொண்டுவந்தது. அப்புறம் வந்தது ரிமோட் ஐடி. விமானம் எங்கே பறக்கிறது, அதைப் பறக்கவிடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி.

சண்டை இங்கேதான் முற்றியது. கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி, பேசித்தான் சாதிக்க முடியும் என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு ஒரு நாயகர் உண்டு. மாடல் விமானம் பறக்கவிடுகிறவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று எஃப்ஏஏ 2015 டிசம்பரில் கட்டாயமாக்கியபோது ஜான் டெய்லர் என்ற தனி மனிதர் வழக்குப் போட்டு, 2017 மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தே விட்டார். ஒற்றை ஆள் செய்ததைப் பார்த்து 'நம் சங்கம் ஏன் இப்படி மோதவில்லை' என்று கேட்டவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வெற்றி ஏழு மாதம் நிற்கவில்லை, டிசம்பரில் ராணுவத்துக்கான சட்டத்தோடு சேர்த்துக் காங்கிரஸ் பதிவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ரிமோட் ஐடியை எதிர்த்து ட்ரோன் பந்தயக் கடை நடத்துகிறவர் போட்ட வழக்கும் 2022 ஜூலையில் தோற்றுப்போனது.

பேச்சின் பலனையும் பாருங்கள். ரிமோட் ஐடிக்கு எஃப்ஏஏ 2019 கடைசியில் வெளியிட்ட வரைவு விதியில், ரிமோட் ஐடி இல்லாமல் பறக்க அனுமதியுள்ள மைதானங்களுக்கு (ஃப்ரியா என்கிறோமே, அது) 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் உண்டு, பிறகு கதவு சாத்தப்படும் என்று இருந்தது. 50,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் போய்க் குவிந்தன. 2021 ஜனவரியில் வெளியான இறுதி விதியில் அந்தக் கெடு இல்லை. இது சின்ன விஷயமே இல்லை.

அதனால் பேசப் போனதற்காக நான் யாரையும் திட்ட மாட்டேன். ஆனால் பேசப் போகிற தலைமை என்ன கேட்டோம், என்ன கிடைத்தது, எதை விட்டுக்கொடுத்தோம் என்று வந்த சூட்டிலேயே உறுப்பினர்களிடம் சொல்லிவிட வேண்டும். கெட்ட செய்தியை உறுப்பினர் அரசாங்க அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், அதன்பிறகு நீங்கள் என்ன விளக்கம் கொடுத்தாலும் அது சாக்காகத்தான் கேட்கும். உங்கள் கடிதத்தில் இதைக் கேளுங்கள். சந்தா கட்டாதவருக்கு ஓட்டு இல்லை, தலைவரும் 11 மாவட்டத் துணைத் தலைவர்களும் ஓட்டில்தான் வருகிறார்கள்.

கேள்வி: பதினான்கு வயது மகன் குவாட் (நான்கு விசிறி வைத்த ட்ரோன்) பறக்கவிடுகிறான். 'இந்த ட்ரோன்காரர்களால்தான் நமக்கு இந்தக் கதி' என்று கிளப் பெரியவர்கள் அவன் காதுபடப் பேசுகிறார்கள். வேறு கிளப் பார்க்கலாமா?
(வாசகி, நியூ ஜெர்சி)

படிக்கவே வருத்தமாக இருந்தது அம்மா. அந்தப் பெரியவர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். காற்றில் மிதந்தே பறக்கும் கிளைடரைப் பறக்கவிடுகிறவரை நினைத்துப் பாருங்கள், குளிர்காலம் முழுக்க பால்சா என்ற லேசான மரத்தை அறுத்து, ஒட்டி, உரசி இறக்கை செய்கிறார், வெயிலில் சூடான காற்று கிடைத்தால் அது தானாகவே 400 அடியைத் தாண்டி ஏறிவிடும், அதுதான் அந்த ஆட்டத்தின் சுகமே. கடையில் வாங்கிய ட்ரோனை யாரோ விமான நிலையத்துப் பக்கம் பறக்கவிட்டதற்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்கணும் என்று அவர் கேட்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை உங்கள் பையனிடம் கேட்பதுதான் அநியாயம். அவனும் சர்க்யூட்டில் ஈயம் பற்றவைத்து, விழுந்து உடைந்ததைப் பொறுக்கி மறுபடி மாட்டுகிறவன்தானே?

நான் இருந்த ஒரு கிளப்பில் குவாட் பசங்களை மைதானத்தின் கோடியில், கார் நிறுத்துமிடத்துக்கும் பின்னால் தள்ளினார்கள். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை, இன்றைக்கும் அது உறுத்துகிறது. இரண்டு வருடத்தில் அந்தப் பசங்கள் ஒருவர்கூட இல்லை. பிறகு மைதானத்தைக் காப்பாற்ற ஊராட்சிக் கூட்டத்துக்கு ஆள் திரட்டியபோது வந்தவர்கள் எல்லாம் எழுபது வயதுக்காரர்கள்.

கிளப்பை மாற்றும் முன் செயலாளரிடம் ஒரு முறை பேசுங்கள். அவனுக்கென்று ஒரு நேரமும் இடமும் கேளுங்கள். மறுத்தால் தயங்காமல் வேறு கிளப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கிளப் தலைவர் எல்லாக் கடிதத்தையும் தானே வைத்துக்கொள்கிறார். யாரும் கேட்பதில்லை. இதில் என்ன ஆபத்து?
(வாசகர், ஒஹாயோ)

பெரிய ஆபத்து இருக்கிறது. ஃப்ரியா அனுமதி 48 மாதத்துக்குத்தான். முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால், கால் கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு விமானத்துக்கும் அங்கே ரிமோட் ஐடி வேண்டும். தேதி ஒரே ஒருவரின் மின்னஞ்சலில் கிடந்தால், அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகிற மாதம் மொத்தக் கிளப்பும் மாட்டிக்கொள்ளும். அடுத்த கூட்டத்தில் எழுந்து முடிகிற தேதி என்ன என்று கேளுங்கள், பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள், இன்னும் இரண்டு பேருக்கு அந்தக் கடிதங்களின் நகல் போக வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், தேதி தெரியாமல் வெளியே வந்துவிடாதீர்கள்.