ஒரு டிக்கெட், நாலு கை

அரங்கங்கள் அடுத்த சீசனின் இசை நிகழ்ச்சிப் பட்டியலை வெளியிட்டுவிட்டால் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களும் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் வட்டார நாடக அரங்கங்களில் நடக்கும் கச்சேரிகளைப் பற்றியவை. சில நூறு பேர் உட்காரும் இடம்தானே, அங்கே என்ன சிக்கல் வரப்போகிறது என்று நினைப்போம். ஆனால் அங்கேயும் ஒரு டிக்கெட்டுக்குப் பின்னால் நாலு கை இருக்கிறது: அரங்கம், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், முன்பதிவுத் தளம், சமயத்தில் மறுவிற்பனைக்காரர். பணம் எந்தக் கைக்குப் போனது என்று தெரியாததுதான் பல புகார்களுக்கும் அடிப்படை.

கேள்வி: அரங்கத்தின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினேன். முதலில் வந்த தளத்தில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் அரங்கத்தின் சொந்தத் தளத்தில் அதே நிகழ்ச்சிக்குப் பாதி விலை. என் டிக்கெட் செல்லுமா?

பதில்: விலையில் ஏமாந்துவிட்டீர்கள், அதில் சந்தேகமில்லை. டிக்கெட் செல்லுமா என்பதை இப்போதே விசாரித்துவிடலாம்.

தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். காசு கொடுத்தவர் மேலே வருவார். தன்னிடம் விளம்பரம் செய்யும் மறுவிற்பனையாளர்கள், தாங்கள் மூல விற்பனையாளர் அல்ல என்பதைத் தளத்தில் சொல்லியாக வேண்டும் என்று கூகுள் 2018இல் விதி கொண்டுவந்தது. சொல்கிறார்கள், பக்கத்தின் உச்சியில், சாம்பல் நிறத்தில், ஒற்றை வரியாக. அதற்குக் கீழே அரங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே ஒரு கடிகாரம் ஓடும், 'இன்னும் மூன்று டிக்கெட்தான்' என்று சிவப்பில் மின்னும். அந்த அவசரத்தில் யார் சாம்பல் நிற வரியைப் படிக்கிறார்கள்?

இப்போது உங்களுக்கு வந்த மின்னஞ்சலைத் திறந்து, வரிசையும் இருக்கை எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'கீழ்த்தளம், விவரம் பின்னர்' என்று மட்டும் இருந்தால், விற்றவர் கையில் டிக்கெட் இன்னும் வராமலே இருக்கலாம். உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு பிறகு தேடி எடுப்பவர்களும் உண்டு. எண் இருந்தால் அரங்கத்தின் டிக்கெட் கவுன்டருக்கு ஃபோன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். அந்த இருக்கை விற்கப்பட்டிருக்கிறதா? மறுவிற்பனை டிக்கெட்டை வாசலில் ஏற்பார்களா? வாங்கியவரின் அடையாள அட்டை கேட்பார்களா? கவுன்டர்காரர்களுக்கு இது தினமும் வரும் ஃபோன்தான், கூச்சப்பட வேண்டாம். வாசலில் செல்லாது என்று அவர்கள் சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். விற்ற தளத்திடம் பணம் கேட்க அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

நானும் ஒருமுறை இப்படி மாட்டியிருக்கிறேன். 'கிட்டத்தட்ட விற்றுத் தீர்ந்தது' என்று ஒரு தளம் சொன்னதை நம்பி, இருமடங்கு கொடுத்து வாங்கினேன். உள்ளே போய் உட்கார்ந்தால் எனக்கு முன்னால் இரண்டு வரிசை காலி. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. இடைவேளைவரை என் கண் அந்தக் காலி நாற்காலிகளை விட்டு நகரவில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். டிக்கெட்டை மொத்தமாக அள்ளும் கணினி நிரல்களுக்கு எதிராக அமெரிக்கா 2016இல் சட்டம் போட்டது. அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதை அயர்லாந்து 2021இல் தடை செய்தது. ஆனால் அந்தத் தடை ஆயிரம் பேரோ அதற்கு மேலோ கொள்ளும் அரங்கங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. சின்ன அரங்கத்தின் ரசிகர் அங்கேயும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த முறை தேடுபொறி வழியாகப் போகாமல், அரங்கத்தின் சுவரொட்டியில் இருக்கும் முகவரியைத் தட்டச்சு செய்து போங்கள்.

கேள்வி: முதல் வரிசைக்குத்தான் விலை அதிகம். அதை வாங்கினால் நன்றாகக் கேட்குமா?

பதில்: நன்றாகத் தெரியும். கேட்குமா என்பது கச்சேரியைப் பொறுத்தது.

ஸ்பீக்கர் வைத்து நடக்கும் கச்சேரி என்றால், பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்கும், அல்லது அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் முகம் அரங்கத்தின் நடுப்பகுதியை நோக்கி இருக்கும். முதல் வரிசைக்காரருக்கு அந்த ஒலி தலைக்கு மேலே போய்விடும். அவர் காதில் விழுவது மேடையிலிருந்து நேராக வரும் டிரம்ஸும் கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டியின் இரைச்சலும்தான். பாடகரின் வாயசைவு தெளிவாகத் தெரியும், வார்த்தை தெரியாது. இதைச் சரிக்கட்ட மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்களை வைக்கும் அரங்கங்களும் உண்டு. எல்லோரும் வைப்பதில்லை.

இருக்கை வரைபடத்தைப் பார்த்தால் கீழ்த்தளத்தின் நடுவிலோ சற்றுப் பின்னாலோ நாலைந்து நாற்காலிகளை வெட்டி எடுத்தது போல ஓர் ஓட்டை தெரியும். ஒலிப் பொறியாளர் மிக்ஸரை, அதாவது குரலையும் கருவிகளையும் கலந்து ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பலகையை, வைக்கும் இடம் அது. அவர் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதைத்தான் அரங்கம் முழுவதற்கும் அனுப்புகிறார். அதனால் அந்த ஓட்டைக்கு முன்னாலோ பக்கத்திலோ கிடைக்கும் இருக்கைதான் என் தேர்வு. விலையும் பெரும்பாலும் நடுத்தரம். அதற்கு நேர் பின்னால் மட்டும் வேண்டாம். அவர் நின்றுகொண்டே வேலை பார்ப்பார், திரை வெளிச்சம் வேறு கண்ணைக் குத்தும்.

தவிர்க்க வேண்டியது பால்கனிக்கு அடியில் உள்ள கடைசி வரிசைகள். மேலே தொங்கும் ஸ்பீக்கரைப் பால்கனியின் விளிம்பு மறைத்துவிடும், ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். சுலபமான கணக்கு ஒன்று: உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் கண்ணில் பட்டால், அதன் ஒலி நேராகக் காதுக்கு வரும். ஓரத்து இருக்கைகளில் 'பார்வை மறைப்பு' என்று போட்டிருந்தால், எது மறைக்கிறது என்று கேட்டுவிடுங்கள். தூணா, ஸ்பீக்கர் அடுக்கா? தூண் எப்போதும் அங்கேயே இருக்கும். ஸ்பீக்கர் அடுக்கு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும்.

ஸ்பீக்கரே இல்லாமல் தந்திக் கருவி நால்வர் குழு, பியானோ போன்றவை என்றால் கணக்கு தலைகீழ். நாடக அரங்கம் பேச்சு புரிவதற்காகக் கட்டப்பட்டது. ஒலி எழுந்து அடங்க ஏறத்தாழ ஒரு விநாடிதான் ஆகும். சிம்பொனிக்காகவே கட்டிய அரங்கங்களில் இது இரண்டு விநாடியை நெருங்கும். இந்தக் கணக்கை முதலில் போட்டவர் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர். அதை வைத்து வடிவமைத்த பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900இல் திறக்கப்பட்டது. நாடக அரங்கத்தில் அந்த எதிரொலி இழைவு கிடைக்காது. எனவே முன்பக்கம் நகருங்கள், நாலாவது ஐந்தாவது வரிசைக்கு. பால்கனியின் முதல் வரிசையும் பரவாயில்லை.

கேள்வி: பாடகருக்கு உடல்நலமில்லை என்று நிகழ்ச்சியை மூன்று மாதம் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்தத் தேதியில் எங்களால் போக முடியாது. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பலாம் என்கிறார்களே?

பதில்: அந்த 14 நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஆனால் குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. சட்டை வாங்கினால் திருப்பலாம், கச்சேரிக்கு முடியாது.

நிகழ்ச்சி ரத்தானால் டிக்கெட் விலையைத் திருப்பித் தருவதில் பெரும்பாலும் தகராறு வராது. முன்பதிவுக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள், அதற்கு நிபந்தனையில் ஒரு வரி எழுதி வைத்திருப்பார்கள். தள்ளிவைப்புதான் வம்பு. 'பழைய டிக்கெட்டே செல்லும்' என்று ஒரு மின்னஞ்சல் வரும். அதன் அடியில் 'வர இயலாதவர்கள் இந்தத் தேதிக்குள் தெரிவிக்கவும்' என்று இருக்கும். அந்தக் கெடு முடிந்தால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். 'சம்மதம்' என்ற பொத்தானையோ, அடுத்த நிகழ்ச்சிக்கான வவுச்சரையோ யோசிக்காமல் தொட்டுவிடாதீர்கள். தொட்ட பிறகு பணமாகக் கேட்பது கடினம்.

கேட்க வேண்டியது யாரிடம் வாங்கினீர்களோ அவர்களிடம். பல அரங்கங்கள் தம் கவுன்டரில் வசூலான பணத்தை நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் ஏற்பாட்டாளருக்குக் கணக்குத் தீர்க்கும். அதுவரை பணம் அரங்கத்திலேயே இருக்கும், திரும்பி வருவதும் எளிது. அரங்கத்திலேயே நேரடியாக வாங்குங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தான நிகழ்ச்சிக்குப் பதிலே வரவில்லை என்றால், கார்டில் கட்டியவர்கள் வங்கி மூலம் கட்டணத்தை மறுத்து முறையிடலாம். பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. வங்கிக்கு வங்கி சற்று மாறும் என்பதால் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: பிரபல குழுவின் பெயர் சுவரொட்டியில் பெரிதாக இருந்தது. போய்ப் பார்த்தால் யாரோ அவர்கள் பாட்டைப் பாடினார்கள். இது மோசடி இல்லையா?

பதில்: சுவரொட்டியைத் திரும்பப் பாருங்கள். பெரிய எழுத்துக்கு மேலேயோ கீழேயோ 'இசைக்கு ஓர் அஞ்சலி', 'பாடல்களின் மாலை' என்று ஏதாவது இருந்திருக்கும். அப்படி இருந்தால் மோசடி என்று நிரூபிப்பது சிரமம். வட்டார அரங்கங்களின் பட்டியலில் இந்த அஞ்சலி நிகழ்ச்சிகள் நிறைய. நன்றாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், நான் கேவலமாகச் சொல்லவில்லை. அந்த வரியே இல்லாவிட்டால் சுவரொட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அரங்கத்திடம் பணம் கேளுங்கள்.

அசல் பெயரோடு வரும் குழுவிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. 1974இல் ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவின் மேலாளர், அந்தப் பெயர் தனக்கே சொந்தம் என்று சொல்லி, உண்மையான உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத ஒரு கூட்டத்தை அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் அனுப்பினார். வழக்கு நீதிமன்றம்வரை போனது. பெயர் ஒருவரிடமும் குரல் இன்னொருவரிடமும் இருக்கலாம்.

கேள்வி: விலையைப் பார்த்து உள்ளே போனால் சேவைக் கட்டணம், வசதிக் கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. தவிர்க்க முடியுமா?

பதில்: கவுன்டருக்கு நேரில் போனால் பல இடங்களில் குறையும், சில இடங்களில் இருக்காது. மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் மே 2025 முதல் விதி நடைமுறையில் இருக்கிறது. மற்றபடி, கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு தளங்களின் விலையை ஒப்பிட வேண்டும்.

கேள்வி: எட்டு வயது மகளை ராக் கச்சேரிக்கு அழைத்துப் போகலாமா? காதுக்கு ஆபத்தா?

பதில்: அழைத்துப் போங்கள், காதுக்கு மூடியோடு. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது பெரியவர்களையும் சேர்த்துத்தான். பஞ்சு அடைப்பான் குழந்தையின் சின்னக் காதில் நிற்காது. தலையில் மாட்டும் காதுமூடி வாங்குங்கள், வீட்டிலேயே அரை மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். டிக்கெட் எடுக்கும் முன் வயது வரம்பையும், உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சியா நின்று பார்ப்பதா என்பதையும் கேட்டுவிடுங்கள். நடைபாதையை ஒட்டிய இருக்கை எடுத்தால், அவளுக்குப் பிடிக்காதபோது யாரையும் எழுப்பாமல் வெளியே வரலாம்.