ஒன்றா, ஒருவரா? திரியேக தேவனைப் பற்றிப் பெங்களூருத் தமிழ்ச் சபையார் கேட்டவை

பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு திரித்துவ ஞாயிறு. ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கிறார் என்ற போதனையே திரித்துவம். அதையொட்டிப் பெங்களூருத் தமிழ்ச் சபைகளிலிருந்து வந்த கேள்விகளும், இறையியல் கற்பிக்கும் ஒருவர் தந்த பதில்களும்.

கேள்வி (லிங்கராஜபுரம், ஞாயிறு பள்ளி ஆசிரியை): ஐயா, தண்ணீர், ஐஸ், நீராவி என்ற உதாரணத்தைத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தோம். போன வாரம் ஒரு பையன், "அப்போ இயேசு பூமிக்கு வந்தப்போ பரலோகத்துல யாருமே இல்லையா?" என்று கேட்டுவிட்டான்.

பதில்: அம்மா, அந்தப் பையன் சரியான இடத்தில் பிடித்திருக்கிறான். ஐஸ் உருகினால்தான் தண்ணீர். ஒரே பொருள் வேளைக்கொரு வடிவம் எடுக்கிறது. தேவனும் அப்படித்தான், ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிறார் என்று 3ஆம் நூற்றாண்டில் போதித்தவர் சபெல்லியு. சபை அதைத் தள்ளிவிட்டது. சூரியன், கதிர், வெப்பம் என்றாலும் சிக்கல்தான்: கதிர் சூரியன் ஆகாது, ஆனால் குமாரன் முழுத் தேவன். முட்டையின் ஓடு, வெள்ளை, மஞ்சள் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு தேவன் என்றாகிவிடும்.

உதாரணத்தை விட்டுவிட்டு மத்தேயு 3:16, 17ஐ வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்றே கேள்வி: ஜலத்திலிருந்து கரையேறுகிறவர் யார்? புறாவைப்போல இறங்குகிறவர் யார்? வானத்திலிருந்து பேசுகிறவர் யார்? மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள் என்று பிள்ளைகளே சொல்வார்கள். அடுத்துப் பலகையில் ஒரு முக்கோணம் வரையுங்கள். மூலைகளில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி; நடுவில் தேவன். மூலையிலிருந்து நடுவுக்குப் போகும் கோட்டில் 'ஆவார்' என்றும், மூலைக்கும் மூலைக்கும் இடையிலுள்ள கோட்டில் 'அல்ல' என்றும் எழுதுங்கள். பிதா தேவன் ஆவார். பிதா குமாரன் அல்ல. பத்து வயதுப் பிள்ளைக்கு இது போதும்.

கேள்வி (கம்மனஹள்ளி, ஒரு தாய்): 'ஆள்தத்துவம்' என்று பாஸ்டர் சொல்வது என் பிள்ளைகளுக்கு எட்டவே மாட்டேன் என்கிறது. அவர்களுக்குத் தமிழ் வாசிப்பும் குறைவு.

பதில்: வாசிப்பு குறைந்தாலும் பேச்சு இருக்கிறதே, அது போதும். 'என்ன?' என்பது ஒரு கேள்வி, 'யார்?' என்பது வேறு கேள்வி. என்ன என்று கேட்டால் ஒரே தெய்வத் தன்மை. யார் என்று கேட்டால் பிதா, குமாரன், ஆவியானவர்; இந்த 'யார்' என்பதைத்தான் பாஸ்டர் ஆள்தத்துவம் என்கிறார். யோவான் 10:30ஐப் பாருங்கள்: "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்." 'ஒருவராயிருக்கிறோம்' என்று அங்கே இல்லை. கிரேக்கத்திலும் ஆண்பாலான 'ஹெய்ஸ்' வராமல், அஃறிணைபோல் நிற்கும் 'ஹென்' என்ற சொல்தான் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இந்த வேறுபாடு தெரிவதில்லை, தமிழில் தெரிகிறது. கன்னடத்திலும் 'ஒந்து', 'ஒப்பரு' என்று இரண்டு சொல் உண்டு. பள்ளியில் கன்னடம் படிக்கிற பிள்ளைக்கு அதைச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

கேள்வி (அல்சூர், கல்லூரி மாணவர்): ஆனால் உபாகமம் 6:4இல் "ஒருவரே கர்த்தர்" என்றுதானே இருக்கிறது? அங்குள்ள 'எகாத்' என்ற எபிரெயச் சொல்லுக்குக் 'கூட்டு ஒருமை' என்று பொருளாமே?

பதில்: தம்பி, அந்த வாதத்தைக் கைவிடுங்கள். 'எகாத்' என்றால் வெறும் 'ஒன்று'. கணவனும் மனைவியும் "ஒரே மாம்சம்" என்கிற இடத்தில் வருவது போலவே சாதாரண எண்ணிக்கையிலும் வருகிறது. தேவன் ஒருவரே என்பதில் நமக்கும் யூதருக்கும் வேறுபாடு இல்லை. அந்த ஒரே தேவனுக்குள் குமாரன் எங்கே நிற்கிறார் என்பதில்தான் வேறுபடுகிறோம். அதற்கு 1 கொரிந்தியர் 8:6க்குப் போங்கள். உபாகம வசனத்திலுள்ள 'தேவன்', 'கர்த்தர்' என்ற இரண்டு சொற்களையும் பவுல் எடுத்து, ஒரே தேவன் பிதா, ஒரே கர்த்தர் இயேசு கிறிஸ்து என்று எழுதுகிறார். இஸ்ரவேலின் அடிப்படை அறிக்கைக்குள்ளேயே இயேசுவை வைக்கிறார். ஒரு யூதர் இப்படி எழுதியிருப்பதுதான் வலுவான ஆதாரம்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, ஐடி ஊழியர்): கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்திதான் 325இல் ஓட்டெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார் என்று ஆபீஸில் சொல்கிறார்கள்.

பதில்: கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியிலுள்ள பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, டிராஜன் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள் என்பது அதில் உள்ள தகவல். 325இல் சபைத் தலைவர்களின் மாநாடு கூடிய நிசேயா நகரம் அதே பித்தினியாவில்தான் இருக்கிறது. மாநாட்டுக்கு 200 வருடம் முன்பே அந்த மாகாணத்தில் இந்த வழிபாடு நடந்திருக்கிறது.

325இல் கேள்வி வேறு. குமாரன் மிக உயர்ந்தவர், ஆனாலும் உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு வேளை இருந்தது என்றார் ஆரியு என்ற போதகர். 'பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர்' என்று மாநாடு பதில் சொன்னது. 'ஜெநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல' என்று இன்றும் நாம் விசுவாசப் பிரமாணத்தில் சொல்வது அதைத்தான். தச்சர் செய்த நாற்காலி தச்சரின் தன்மை உடையதல்ல. தச்சருக்குப் பிறந்த பிள்ளைக்கு அவருடைய தன்மையே இருக்கும். ஆனால் மனிதப் பிறப்பில் முன்பின் உண்டு, தேவனுக்குள் அது இல்லை. ஒப்புமையை அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சக்கரவர்த்தியின் விருப்பம்தான் ஜெயித்தது என்பதும் பொருந்தாது. 337இல் சாகும் தறுவாயில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுவுக்கு ஆதரவாக நின்ற நிக்கொமேதியா ஆயர் யூசேபியு. நிசேயாவின் அறிக்கைக்காகப் போராடிய ஆயர் அத்தனாசியுவோ ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார்.

கேள்வி (ஃப்ரேசர் டவுன், இல்லத்தரசி): வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் கொலோசெயர் 1:15ஐக் காட்டி, "முந்தின பேறு என்றால் முதலில் படைக்கப்பட்டவர்" என்கிறார்கள்.

பதில்: சங்கீதம் 89:27ஐத் திறந்து கொடுங்கள். தாவீதை 'முதற்பேறானவன்' ஆக்குவேன் என்கிறார் தேவன். தாவீது ஈசாயின் எட்டுப் பிள்ளைகளில் கடைசி. ஆக, அந்தச் சொல் உரிமையையும் மேன்மையையும் குறிக்கிறது. கையோடு கொலோசெயரின் அடுத்த வசனத்தையும் (1:16) வாசித்துவிடுங்கள்: சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்று காரணம் சொல்கிறது.

ஆனால் அவர்களிடம் 1 யோவான் 5:7ஐக் காட்டாதீர்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று மூவர் பெயர் இருக்கிறது. பழமையான கிரேக்கக் கைப்பிரதிகளில் அந்த வரி இல்லை. எராஸ்மு என்ற அறிஞர் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில் முதல் இரண்டு முறை அதை விட்டுவிட்டு, 1522இல்தான் சேர்த்தார். 1995இல் வந்த 'திருவிவிலியம்' என்ற மொழிபெயர்ப்பில் அது கிடையாது. திரித்துவம் அந்த ஒரு வரியை நம்பி நிற்கவில்லை.

கேள்வி (சிவாஜிநகர்): ஆவி என்பது தேவனுடைய சக்திதானே?

பதில்: இட்லிப் பானையிலிருந்து எழும்புவதும் ஆவி, செத்தவர் ஆவியும் ஆவி என்கிற தமிழில் இந்தக் குழப்பம் எளிதாக வரும். அதனால்தான் 'ஆவியானவர்' என்கிறோம். சக்தி பேசாது, அப்போஸ்தலர் 13:2இல் அவர் "எனக்காகப் பிரித்துவிடுங்கள்" என்று பேசுகிறார். எபேசியர் 4:30இல் துக்கப்படுகிறார். அப்போஸ்தலர் 5:3, 4இல் அவரிடம் சொன்ன பொய், தேவனிடம் சொன்ன பொய்.

கேள்வி (மாரத்தஹள்ளி): கூட வேலை செய்கிற மலையாள ஆர்த்தடாக்ஸ் அண்ணன் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது 'குமாரனிடமிருந்தும்' என்பதை விட்டுவிடுகிறார். மறந்துவிட்டாரா?

பதில்: இல்லை, அவர் சொல்வதுதான் 381இல் எழுதப்பட்ட வடிவம்: ஆவியானவர் பிதாவிடமிருந்து புறப்படுகிறார். 'குமாரனிடமிருந்தும்' என்பது மேற்கத்திய சபை பிறகு சேர்த்தது. ரோமிலேயே 1014 வாக்கில்தான் வழிபாட்டில் நுழைந்தது.

கேள்வி (கே.ஆர்.புரம்): வீட்டு ஜெபத்தில் யாரை நோக்கி ஜெபிக்க வேண்டும், ஐயா?

பதில்: வழக்கமான முறை எபேசியர் 2:18இல் இருக்கிறது: பிதாவிடம், குமாரன் மூலமாய், ஆவியினாலே. இயேசுவை நேராகக் கூப்பிடலாம். ஸ்தேவான் அப்படித்தான் கூப்பிட்டான் (அப்போஸ்தலர் 7:59). தவறு நடப்பது நடுவில். "பரலோக பிதாவே" என்று தொடங்கி, உருக்கத்தில் "நீர் எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே" என்று போய்விடுகிறோம். மரித்தவர் குமாரன். "பிதாவே, உம்முடைய குமாரனை எங்களுக்காகத் தந்தீரே" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் புத்தகத்தைவிட உங்கள் ஜெபத்தைக் கேட்டுத்தான் தேவன் யார் என்று கற்றுக்கொள்கிறார்கள், அதனால் இந்த ஒரு வரியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.