பார்கின்சன் நோயும் புரையேறுதலும்

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. பார்கின்சன் நோய்க்குச் சில ஆண்டுகளாக லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. வாயோரம் எச்சில் வழிகிறது. ஒரு கிண்ணம் ரசம் சாதம் சாப்பிட ஒரு மணி நேரம் ஆகிறது. உடல் எடையும் குறைந்துவிட்டது. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வயதின் மீது பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கை கால்களின் அசைவைத் தாமதப்படுத்தும் அதே நோய்தான் நாக்கையும் தொண்டைத் தசைகளையும் தாமதப்படுத்துகிறது. எச்சில் வழிவது, எச்சில் அதிகமாகச் சுரப்பதால் அல்ல; நம்மை அறியாமலே நாம் அடிக்கடி விழுங்கிக்கொள்வது அவருக்குக் குறைந்துவிட்டதால்தான். 1817இல் ஜேம்ஸ் பார்கின்சன் இந்நோயைப் பற்றி எழுதியபோதே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

தண்ணீர் வேகமாக இறங்குவதால், மூச்சுக்குழாயின் வாய் மூடுவதற்குள் உள்ளே புகுந்துவிடுகிறது. ரசம் சாதத்திலும் இதே சிக்கல்தான்: சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தனியாகத் தொண்டைக்குள் ஓடிவிடும். குழைய வடித்த சோற்றைக் கெட்டியான பருப்புடன் நன்றாக மசித்துக் கொடுத்துப் பாருங்கள். உதிரும் முறுக்கும் பொரியும் வேண்டாம். எல்லாவற்றையும் அரைத்துவிட வேண்டுமா, தண்ணீரைக் கெட்டியாக்கித் தர வேண்டுமா என்பதைப் பரிசோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் கூழாகவே கொடுத்தால் பலர் சாப்பாட்டையே வெறுத்துவிடுகிறார்கள். கெட்டியாக்கிய நீரைப் போதிய அளவு குடிக்காமல் உடலில் நீர்ச்சத்து குறைந்துவிடுவதும் உண்டு.

புரையேறும்போது வரும் இருமல் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நான் அதிகம் அஞ்சுவது இருமலே வராத நிலையைத்தான். பார்கின்சன் நோயாளிகள் சிலருக்கு உணவு நுரையீரலுக்குள் போனாலும் தொண்டை அதை உணர்வதில்லை. சாப்பிட்டவுடன் குரல் களகளவென ஈரமாக ஒலித்தாலோ, காரணம் புரியாமல் அடிக்கடி காய்ச்சலும் சளியும் வந்தாலோ தாமதிக்காதீர்கள். அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, விழுங்குதலில் பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளரை (ஸ்பீச் தெரபிஸ்ட்) பாருங்கள். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தால், எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும். தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கும் முறை எல்லோருக்கும் பொருந்தாது. அந்தச் சிகிச்சையாளர் சொன்ன பின்பே செய்யுங்கள்.

மாத்திரை நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்பு லெவோடோபாவைக் கொடுத்தால், அது வேலை செய்யும் நேரத்தில் அவர் சாப்பிட உட்காரலாம். பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் இம்மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும்; அதற்காகப் புரதத்தை நிறுத்திவிடக் கூடாது, அவர் ஏற்கெனவே மெலிந்திருக்கிறார். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள்.

நிமிர்ந்து உட்கார வைத்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, சிறு சிறு கவளமாகக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். புரையேறினால் உச்சந்தலையில் தட்டித் தண்ணீர் புகட்டும் நம் வீட்டு வழக்கம் இங்கே ஆபத்தானது. அவரை இருமவே விடுங்கள். இருமவும் பேசவும் முடியாமல் திணறினால், முன்னே குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாகத் தட்டுங்கள். அதே வேளையில் வேறொருவர் 108ஐ அழைக்கட்டும்.