கோரிகன் கதைகளில் சிறுவர்களுக்கு எதைச் சொல்லலாம்?

கேள்வி: நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்கிறேன். பிரான்ஸின் பிரிட்டனி வட்டாரத்து நாட்டார் கதைகளில் வரும் மாய உயிரான கோரிகன், ஒரு தொகுப்பில் குறும்புக்காரக் குள்ளராகவும் இன்னொன்றில் ஆளைக் கொல்லும் அழகியாகவும் வருகிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டும் பிரிட்டனியில் வழங்கியவையே. எனினும் ஒரே அமர்வில் இரண்டையும் கலந்தால் குழந்தைகள் குழம்பிப்போவார்கள். அழகியாக வரும் கோரிகனைப் பரவலாக அறியச் செய்தது, லா வில்மார்க்கே 1839-இல் வெளியிட்ட 'பர்சாஸ் பிரெய்ஸ்' என்னும் நாட்டார் பாடல் தொகுப்பு. அதில் வேட்டைக்குப் போன பிரபு ஒருவர் அவளுடைய நீரூற்றில் தண்ணீர் குடித்துவிட, தன்னை மணக்க வேண்டும், மறுத்தால் மூன்று நாளில் சாவு என்கிறாள் அவள்; அவர் மறுத்து மாண்டுபோகிறார். வளர்ந்தவர்களுக்குரிய பாட்டு அது.

உங்களுக்கு ஏற்றது குள்ளர்களின் கதைதான். இரவில் பொட்டல்வெளியில் கைகோத்து வட்டமாக ஆடும் அவர்கள், திங்கள், செவ்வாய், புதன் என்னும் மூன்று நாள்களின் பெயரையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். அவ்வழியே வந்த கூனன் ஒருவன் வியாழனையும் வெள்ளியையும் சந்தம் கெடாமல் சேர்த்துப் பாட, மகிழ்ந்த குள்ளர்கள் அவன் கூனை எடுத்துவிடுகிறார்கள். அதைக் கேட்டுப் பேராசையோடு வந்த இன்னொரு கூனன் சனியையும் ஞாயிறையும் நுழைத்துப் பாட்டைக் குலைக்க, முதலாமவனின் கூனும் அவன் முதுகில் ஏறுகிறது. 'டிலுன், டிமெர்ஸ், டிமெர்ஹெர்' என்று பிரிட்டனியின் பிரெத்தோன் மொழியிலேயே பாட வையுங்கள். கதையின் உயிர் அந்த வட்டப் பாட்டில்தான் இருக்கிறது. கூனைச் சிரிப்புக்குரியதாக்காமல், பாட்டைக் கவனித்துக் கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் உள்ள வேறுபாட்டில் அழுத்தம் கொடுப்பது நல்லது.

கோரிகன்கள் டோல்மன் எனப்படும் கற்திட்டைகளில் குடியிருப்பதாகச் சொல்வார்கள். பிரிட்டனியில் அவை உள்ள கார்னாக் பகுதியின் படங்களைக் காட்டினால் குழந்தைகள் ரசிப்பார்கள். ஆனால் அந்தக் கற்திட்டைகள் புதிய கற்கால மக்கள் எழுப்பிய ஈமச்சின்னங்கள் என்பதையும், இக்கதைகள் பிற்காலத்தில் அவற்றோடு ஒட்டிக்கொண்டவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தொட்டில் குழந்தையைக் கோரிகன் திருடிக்கொண்டு தன் பிள்ளையை வைத்துவிட்டுப் போகும் கதையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முட்டை ஓட்டில் பத்து உழவர்களுக்குச் சமைக்கும் தாயைக் கண்டு, வாய் பேசாதிருந்த அந்தப் பிள்ளை வியந்து பேசிவிடும் இடம் அருமையானதுதான். ஆயினும் அதை அடித்துத்தான் சொந்தக் குழந்தையை மீட்கிறாள் தாய், ஐரோப்பாவில் நோயுற்ற குழந்தைகளை இந்த நம்பிக்கையின் பேரில் துன்புறுத்தியதும் உண்டு.