எக்சாக்டா முதல் பிக் சிக்ஸ் வரை: குதிரைப் பந்தயக் கேள்வி பதில்

‘எக்ஸாட்டிக்’ பந்தயங்களைப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துவைத்துப் பதில் சொல்கிறேன். எந்தக் குதிரையில் கட்டலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அது தெரிந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கேள்வி: எதைத்தான் எக்ஸாட்டிக் என்கிறார்கள்?

ஒரு ரேஸ், ஒரு குதிரை என்று கட்டினால் அது சாதாரணப் பந்தயம். அமெரிக்காவில் வின் (முதலாவது வர வேண்டும்), பிளேஸ் (முதல் இரண்டுக்குள்), ஷோ (முதல் மூன்றுக்குள்). டிக்கெட்டில் ஒன்றுக்கு மேல் குதிரையோ ரேஸோ வந்துவிட்டால் எக்ஸாட்டிக். முதல் இரண்டு இடங்களை வரிசையாகச் சொன்னால் எக்சாக்டா, மூன்று என்றால் டிரைஃபெக்டா, நான்கு என்றால் சூப்பர்ஃபெக்டா. வரிசை எப்படி மாறினாலும் சரி, இரண்டும் முதல் இரண்டுக்குள் வந்தால் போதும் என்பது குயினெலா. இது குதிரைக்காகப் பிறந்ததே அல்ல. சுவரில் பந்தை அடித்து ஆடும் ஹாய் அலாய் ஆட்டத்திலிருந்து வந்தது.

கேள்வி: அண்ணா, கிண்டி ரேஸுக்குப் போன காலத்தில் அப்பா ‘டானாலா’ என்று ஒன்று சொல்வார். அது என்ன?

அது டிரைஃபெக்டாவேதான் தம்பி. முதல் மூன்று குதிரைகள், அதே வரிசையில். நம் ரேஸ் கிளப்களில் அதற்கு அந்தப் பெயர். அப்பா ஜாக்பாட் பற்றியும் சொல்லியிருப்பாரே? ஐந்து ரேஸ்களில் ஜெயிக்கும் குதிரைகளைச் சொல்லும் அந்த ஜாக்பாட்டும் அமெரிக்காவின் பிக் ஃபைவும் ஒரே வகை.

கேள்வி: குதிரைப் பந்தயம் இவ்வளவு பழசு. இந்தப் பந்தயங்கள் மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தன?

கணக்குப் போட ஆள் இல்லை, அதுதான் காரணம். எல்லாருடைய பணத்தையும் ஒரே பூலில் போட்டு, நடத்துபவரின் பிடித்தம் போக மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்ளும் முறையை 1860களில் பாரிஸில் கொண்டுவந்தவர் ஜோசப் ஓலெர். (பின்னாளில் மூலான் ரூஜ் கேளிக்கை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இவர்தான்.) அதற்கான தானியங்கி இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் 1913இல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் நிறுவினார். எட்டுக் குதிரை ஓடினால் வின்னுக்கு எட்டுக் கணக்கு வைத்தால் போதும். டிரைஃபெக்டாவுக்கு 336 வேண்டும். 20 குதிரை ஓடும், அமெரிக்காவின் புகழ்பெற்ற ரேஸான கென்டக்கி டெர்பியில் சூப்பர்ஃபெக்டா என்றால் 1,16,280! கம்ப்யூட்டர் இல்லாமல் அதை யார் கட்டி மேய்ப்பது?

ஆனால் பிரான்ஸ்காரர்கள் கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்கவில்லை. ஆந்த்ரே காரூ வகுத்த ‘டியர்சே’, 1954 ஜனவரி 22 அன்று ஆங்கியான் மைதானத்தில் தொடங்கியது. முதல் மூன்று குதிரைகளைச் சொல்ல வேண்டும். பந்தயத் தாளில் குதிரை எண்ணைச் சின்ன இடுக்கியால் வெட்டிக் கொடுப்பார்கள். ஞாயிறு காலையில் காப்பிக் கடையில் நின்று டியர்சே கட்டுவது அந்த ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. நான்கு குதிரைகளுக்கான ‘கார்த்தே’ 1976இல் வந்தது, ஐந்துக்கான ‘கேன்தே’ 1989இல்.

கேள்வி: பல ரேஸ்களை ஒரே டிக்கெட்டில் கோப்பதால் மைதானத்துக்கு என்ன லாபம்?

கூட்டம் கடைசி ரேஸ் வரை கலையாது. 1960களில் நியூயார்க்கின் வண்டிக் குதிரைப் பந்தயங்களில் ‘ட்வின் டபுள்’ இருந்தது. இரண்டு ரேஸ் ஜெயித்த டிக்கெட்டைக் கொடுத்து, அடுத்த இரண்டு ரேஸுக்கு டிக்கெட் மாற்றிக்கொள்ள வேண்டும். 1963 நவம்பர் 8 அன்று ரூஸ்வெல்ட் மைதானத்தில் அப்படிப்பட்ட ரேஸில் ஓடிய எட்டில் ஆறு குதிரைகள் மோதி விழுந்து முடிக்கவே இல்லை. அதன்பிறகும் அந்த ரேஸ் செல்லும் என்று அறிவித்தார்கள். ஜனம் மைதானத்தையே அடித்து நொறுக்கிவிட்டது. தனி ரேஸாக இருந்திருந்தால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: எக்ஸாட்டிக்கில் பிடித்தம் அதிகமாமே. தெரிந்தே ஏமாறுவதா?

அதிகம்தான். சர்ச்சில் டவுன்ஸ் மைதானம் 2014இல் வின், பிளேஸ், ஷோவுக்கான பிடித்தத்தை 17.5 சதவீதமாகவும் எக்ஸாட்டிக்குக்கு 22 சதவீதமாகவும் உயர்த்தியது. டிரைஃபெக்டா போல ஒரே ரேஸுக்குள் முடிவதற்கு உங்கள் புகார் சரியே.

நான்கு ரேஸ்களில் ஜெயிக்கும் குதிரைகளை ஒரே டிக்கெட்டில் சொல்லும் பிக் ஃபோர் வேறு கதை. நான்கு ரேஸ்களிலும் தனித்தனியாக வின் கட்டி, ஜெயித்ததை அப்படியே அடுத்ததில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 17.5 சதவீதம் நான்கு முறை பிடிக்கப்படும். நூறு ரூபாயில் மிஞ்சுவது 46 சொச்சம். பிக் ஃபோரில் 22 சதவீதம் ஒரே முறை, 78 மிஞ்சும். பிடித்தம் எத்தனை என்பதோடு எத்தனை தடவை என்றும் பாருங்கள்.

கேள்வி: பிக் சிக்ஸில் ஒரு மோசடி நடந்ததாமே, என்ன அது?

2002 பிரீடர்ஸ் கப், அதாவது அமெரிக்காவின் பெரிய ரேஸ் விழா. ஆறு ரேஸ் ஜெயித்த டிக்கெட்டுகள் மொத்தம் ஆறு, ஆறும் ஒரே ஆளுடையவை. மதிப்பு 30 லட்சம் டாலருக்கு மேல். முதல் நான்கு ரேஸில் ஒவ்வொரு குதிரை மட்டும், கடைசி இரண்டில் ஓடிய அத்தனை குதிரைகளும். எந்தப் பைத்தியக்காரன் இப்படிக் கட்டுவான்?

அப்போது மைதானத்துக்கு வெளியே உள்ள பந்தய மையங்களில் வாங்கிய பிக் சிக்ஸ் டிக்கெட் விவரம், நான்கு ரேஸ் முடிந்த பிறகுதான் மையக் கணினிக்குப் போகும். பந்தயக் கணினி நிறுவனத்தின் நிரலாளர் ஒருவர் அந்த இடைவெளியில் தன் பழைய கல்லூரி நண்பரின் டிக்கெட்டைத் திருத்திவிட்டார். கடைசி ரேஸில் 43-க்கு 1 விலையில் (ஒரு டாலருக்கு 43 டாலர் லாபம், அதாவது யாரும் நம்பாத குதிரை) வோல்போனி ஜெயித்ததுதான் வினை. எல்லாரும் நம்பிக் கட்டிய ஃபேவரிட் வந்து இன்னும் நாலு பேர் ஜெயித்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தண்டனையில் ஒரு வேடிக்கை: ஒத்துழைத்ததால் நிரலாளருக்கு ஓராண்டும் ஒரு நாளும், டிக்கெட் வாங்கிய நண்பருக்கு 37 மாதம்.

கேள்வி: 10 செண்டுக்குக்கூட கட்டலாமாமே?

சூப்பர்ஃபெக்டாவில் பல இடங்களில் கட்டலாம். நான்கு குதிரைகளை ‘பாக்ஸ்’ செய்தால், அதாவது எந்த வரிசையில் வந்தாலும் சரி என்றால், 24 சேர்க்கை. ஒரு டாலர் வீதம் 24 டாலர், 10 செண்ட் வீதம் 2.40. சின்னப் பையில் வருகிறவனையும் உள்ளே விட்டது இதுதான். ஆனால் கிடைப்பதும் பத்தில் ஒன்றுதான். 2005 டெர்பியில் 50-க்கு 1 விலையில் ஜியாகோமோ ஜெயித்தபோது ஒரு டாலர் சூப்பர்ஃபெக்டாவுக்கு 8,64,253 டாலர் கிடைத்தது.

கேள்வி: நீங்கள் ஜெயித்த பெரிய தொகை?

10 செண்ட் சூப்பர்ஃபெக்டாவில் 38 டாலர். அன்று பார்க்கிங்குக்கும் சாப்பாட்டுக்கும் 41 ஆனது.